வகுப்பா, வார்டு கமிட்டியா, மேற்படிப்பா: நர்ஸ்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது?

மதியம் இரண்டே கால். மூன்றாம் மாடி ஹாலில் காலை ஷிப்ட் முடித்து, அடுத்த ஷிப்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வந்த 26 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைப்பு: படுக்கைப் புண் வராமல் தடுப்பது. கடைசி வரிசையில் ஒரு பெண் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறாள்; நேற்று அவளுக்கு டபுள் டியூட்டி. பக்கத்தில் இருப்பவள் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். உசிலம்பட்டி பஸ்ஸை விட்டுவிட்டால், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். கையெழுத்து நோட்டு வரிசையாகச் சுற்றி வருகிறது. அதன் பின்னாலேயே டீயும் சமோசாவும்.

அந்த வகுப்பை எடுத்தது நான்தான். படுக்கைப் புண் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலை ஒவ்வொரு வரியாக விளக்கினேன்: ஆறு தலைப்பு, 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து கூடும். "நல்லா புரிஞ்சுது மேடம்" என்றார்கள். புரிந்துதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கு ரவுண்ட்ஸ் போனேன். பக்கவாதம் வந்து நான்காம் நாளாகப் படுத்திருந்த பெரியவருக்கு, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமே ஆன ஒரு நர்ஸ் 12 என்று சரியாக மதிப்பிட்டுச் சார்ட்டில் எழுதியிருந்தாள். முதுகுக்கு அடியில் சாதாரண மெத்தைதான் இருந்தது.

"ஏர் பெட் கேக்கலையா?"

"கேட்டேன் மேடம். டாக்டர் எழுதட்டும்னு இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னாங்க. டாக்டர் சாயந்தரம்தான் வருவாரு."

ஸ்டோரில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இரண்டு ஏர் பெட் கிடந்தன. பெரியவரின் வால் எலும்பு மேல் தோல் சிவந்துவிட்டது. எதைச் செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம். செய்வதற்கான அதிகாரத்தை மட்டும் கொடுக்கவில்லை.

போன நிதியாண்டு முடியும்போது எங்கள் எம்.டி. கூப்பிட்டு, "நர்சிங்குக்குன்னு ஒரு தொகை ஒதுக்குறோம் சிஸ்டர். எதுக்குன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். மதுரையில் வைகைக்கு வடகரையில் 120 படுக்கை, 78 நர்ஸ் உள்ள தனியார் மருத்துவமனை எங்களுடையது. நான் நர்சிங் சூப்பிரண்டண்ட். இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள். மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன: வகுப்புகளைக் கூட்டுவது, வார்டு நர்ஸ்களே முடிவெடுக்கும் கமிட்டி அமைப்பது, இரண்டு பேரை மருத்துவமனைச் செலவில் மேற்படிப்புக்கு அனுப்புவது. நான்காவதாக ஒரு சர்ஜன் வேறொன்றைச் சொன்னார்: சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரி அனுபவம் உள்ள ஒருவரை நர்சிங் தலைமைக்குக் கொண்டுவருவது. என் நாற்காலிக்கே குறி என்பதால் அதைப் பற்றி நான் சொல்வதற்குப் பெரிய மதிப்பில்லை. ஆனாலும் வருகிறவரும் அந்த இன்சார்ஜ் சிஸ்டரை வைத்துத்தானே வார்டை நடத்தியாக வேண்டும்? அதோடு அந்த யோசனையை விட்டுவிடுகிறேன்.

தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் இதே நாற்காலியில் இருப்பவர்களிடமும் இந்தக் கேள்வி வரும். அதனால் நான் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

வகுப்புகளின் கணக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். தொடர்கல்வி இனிமேல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற விஷயம் இல்லை. பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுக்கு 150 மணி நேரம் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. ஆண்டுக்கு 30 மணி நேரம். அதுவும் கவுன்சில் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியாக இருந்தால்தான் கணக்கில் சேரும். ஹாலில் நாமாகக் கூடிப் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அது நம் ஃபைலுக்கு ஆகும், அந்தப் பெண்ணின் பதிவுக்கு ஆகாது. இதை அறியாமலே வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்களிடம் வாரத்துக்கு மூன்று பேட்ச், பேட்சுக்கு 26 பேர், ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று நடந்துகொண்டிருந்தது. 78 பேருக்கும் மாதம் நான்கு வாரம் என்றால் 312 மணி நேரம். இதை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. இந்த 312 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட மருத்துவமனை கொடுக்கவில்லை. அத்தனையும் ஷிப்ட் முடிந்த பிறகு, வீட்டு நேரத்தில், தூக்க நேரத்தில் பிடுங்கியது. மருத்துவமனை கொடுத்தது சமோசா.

அதற்காக வகுப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. நெஞ்சழுத்தி உயிர் மீட்கும் பயிற்சியை பொம்மை வைத்துக் கையால் செய்து பார்க்காமல் யாராலும் கற்க முடியாது. இந்தப் பயிற்சிக்கு அமெரிக்க இதய சங்கம் தரும் பி.எல்.எஸ். (அடிப்படை), ஏ.சி.எல்.எஸ். (மேல்நிலை) அட்டைகள் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதிலும் காரணம் இருக்கிறது, கை மறந்துவிடும். புது வென்டிலேட்டர் வந்தால், புது மருந்து வந்தால் வகுப்பு வேண்டும். ஆனால் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? இதுவரை நான்தான். அங்கீகாரத்துக்கு ஆய்வு வருகிறது என்றால் கை கழுவுவது, போன மாதம் ஊசி குத்திய சம்பவம் நடந்தது என்றால் ஊசிப் பாதுகாப்பு. வார்டில் நிற்பவளுக்கு எது தெரியவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பெண் கொஞ்சம் துணிந்து என்னிடம் சொன்னாள்: "கை கழுவ எங்களுக்குத் தெரியும் மேடம். ஏழாம் நம்பர் ரூம்ல குழாய்ல தண்ணி வரல."

கமிட்டி: ஒரு தோல்வியும் எட்டு மணி மருந்தும்

நர்ஸ்கள் தங்கள் வேலை பற்றிய முடிவைத் தாங்களே எடுப்பது என்கிற ஏற்பாடு 1980களில் அமெரிக்க மருத்துவமனைகளில் வேர்விட்டது. டிம் போர்ட்டர் ஓ'கிரேடி என்ற நர்சிங் அறிஞர் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அங்கே நர்ஸ் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போது சில மருத்துவமனைகளில் மட்டும் ஏன் நிலைத்து நிற்கிறார்கள் என்று அமெரிக்க நர்சிங் அகாடமி தேடிப் பார்த்து, 1983இல் 41 மருத்துவமனைகளை அடையாளம் காட்டியது. காந்தம் போல ஆட்களை இழுத்து வைத்திருந்ததால் அவற்றுக்கு மேக்னெட் மருத்துவமனை என்றே பெயர் விழுந்தது. பிறகு அதுவே ஒரு அங்கீகாரத் திட்டமாக வளர்ந்தது. அங்கெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து தெரிந்த இன்னொரு அம்சம், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் விதத்தில் நர்ஸின் பேச்சுக்கு எடை இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முன் நானே ஒரு கமிட்டி போட்டேன். நான்கே மாதத்தில் அது படுத்துவிட்டது. காரணத்தை இப்போது சொல்ல முடியும். உறுப்பினர்களை நானே பொறுக்கினேன், எல்லாரும் இன்சார்ஜ் சிஸ்டர்கள். தலைமை நாற்காலியில் எம்.டி. அவர் இருக்கும் அறையில் யார் வாய் திறப்பார்கள்? மூன்று பக்க மினிட்ஸில் பெட்ஷீட் பற்றாக்குறை மட்டும்தான் இருந்தது. "ஆலோசித்து ஆவன செய்யப்படும்" என்று முடித்திருந்தோம். கூட்டம் இருக்கிற நாளில் வார்டில் ஆள் குறையும், அதற்கு மாற்றுக் கிடையாது. கமிட்டிக்குப் போனவளைக் கூட வேலை பார்ப்பவர்களே "மீட்டிங் சிஸ்டர்" என்று கிண்டல் பண்ணினார்கள்.

இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தோம். ஒன்பது பேர். ஒவ்வொரு வார்டும் தன் ஆளைத் தானே அனுப்பும். அதில் மூன்று பேராவது மூன்று வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸ் உள்ளவர்களாக இருக்க வேண்டும். மாதம் இரண்டு கூட்டம், ஒன்றரை மணி நேரம். டாக்டர்கள் கூப்பிட்டால் வரலாம். நானும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கமிட்டி எதை முடிவு செய்யும், எதில் கருத்து மட்டும் சொல்லும் என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு நர்சிங் ஸ்டேஷனிலும் ஒட்டினோம். டியூட்டி ரோஸ்டர், ஹேண்டோவர் முறை, ஏர் பெட் போன்ற சாமான்களை ஸ்டோரிலிருந்து எடுக்கும் விதி, வகுப்புத் தலைப்பு ஆகியவை அவர்கள் முடிவு. சம்பளமும் ஆள் எடுப்பதும் கருத்து மட்டும். அந்தத் தாள்தான் முதல் கமிட்டிக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம். கருத்துச் சொல்லவா, முடிவெடுக்கவா என்று தெரியாமல் உட்கார வைத்தால் பெட்ஷீட்தான் பேசுவார்கள்.

முதல் வேலையாகச் சித்திரைத் திருவிழா ரோஸ்டரைக் கொடுத்தேன். மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடியற்காலையில் ஏ.வி. பாலத்தைத் தாண்டித் தென்கரையிலிருந்து இந்தப் பக்கம் வருவது நடக்கிற காரியமா? அதற்கு முந்தின நாளே எதிர்சேவைக்கு மூன்றுமாவடி, தல்லாகுளம் பக்கமெல்லாம் நிறைந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் என் மேசையில் பதினான்கு, பதினைந்து லீவு லெட்டர் குவியும். நான் சீனியாரிட்டி பார்த்துக் கொடுப்பேன், பாதிப் பேர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கமிட்டி என்ன செய்தது தெரியுமா? லீவை விட்டுவிட்டு முதலில் ஷிப்ட் நேரத்தை மாற்றியது. காலை ஏழு மணி ஹேண்டோவர் அன்று மட்டும் மதியம் பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. முந்தின நாள் மாலை வருகிறவர்கள் ஹாஸ்டலில் தங்கி இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அடுத்து இரண்டு நாள் ஆஃப். கன்னியாகுமரிப் பக்கத்து கிறிஸ்தவப் பெண்கள் சித்திரைக்கு நிற்பார்கள், டிசம்பர் கடைசி வாரம் அவர்களுடையது. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் மாடு முட்டியவர்கள் வரக்கூடும் என்பதால் கேஷுவாலிட்டியில் மட்டும் யாருக்கும் லீவு கிடையாது என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். நான் எழுதியிருந்தால் அதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும்.

ஆனால் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது மருந்து நேரம். நோயாளிகளின் கை, மருந்து ஏற்றும் குழாயான கேனுலா போட்ட இடத்தில் வீங்கிச் சிவப்பது அடிக்கடி நடந்தது. என் பழைய வழக்கப்படி, "ஐ.வி. லைன் பராமரிப்பு" என்று ஒரு வகுப்பு போட்டிருப்பேன். கமிட்டி ஒரு மாதம் எண்ணிப் பார்க்கலாம் என்றது. பிளாஸ்டரின் மேல் போட்ட தேதியும் நேரமும் எழுதினார்கள், வீங்கினால் ஸ்டேஷனில் இருந்த வெள்ளைப் பலகையில் ஒரு கோடு. மாதக் கடைசியில் பார்த்தால் கோடுகளில் பாதிக்கு மேல் இரவு ஷிப்டின் தொடக்கத்தில் விழுந்திருந்தன.

எட்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. அதே எட்டு மணிக்குத்தான் ஆன்டிபயாட்டிக். பதினான்கு நோயாளியின் ஹேண்டோவரைக் கேட்டுக்கொண்டே ஐந்து பேருக்கு மருந்து ஏற்ற வேண்டும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, ஒரு கிராமுக்கு 100 நிமிடம் ஆகும் என்பது அந்த வார்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் ஒப்பிப்பார்கள். தெரிந்தும் அரை மணியில் ஏற்றினார்கள், ஏனென்றால் அதே ஸ்டாண்டில் அடுத்த பாட்டில் காத்திருந்தது. இதற்கு எத்தனை வகுப்பு எடுத்து என்ன பயன்?

எட்டு மணி என்று யார் வைத்தது? ஆளாளுக்குக் கேட்டோம். பழைய டாக்டருக்கும் தெரியவில்லை, ஃபார்மசிக்கும் தெரியவில்லை. அப்படியே வந்துவிட்டது. காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று மாற்றினாலும் பன்னிரண்டு மணி இடைவெளி அப்படியே இருக்கும். ஒரு சர்ஜன் மட்டும், "இனிமே எனக்கு நர்ஸ்தான் டைம் சொல்லணுமா?" என்று கேட்டார். அறையில் இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. கமிட்டியில் இருந்த இளைய பெண், "இல்ல சார், மருந்து நீங்கதான் சொல்றீங்க. அதை முழுசா நூறு நிமிஷம் ஏத்துறதுக்கு எங்களுக்கு நேரம் கேக்குறோம்" என்றாள். தொற்றுக் கட்டுப்பாட்டு டாக்டர் ஒப்புக்கொண்டார், நேரம் மாறியது. அடுத்த மாதப் பலகையில் கோடுகள் குறைந்தன. எத்தனை என்று எழுதினால் அதை ஆராய்ச்சி முடிவு போல எடுத்துக்கொள்வீர்கள். ஒரு வார்டு, ஒரு மாதம், அவ்வளவுதான்.

இதற்குப் பின் நடந்ததுதான் கல்வி பற்றிய என் எண்ணத்தை மாற்றியது. எந்த மருந்து எந்த மருந்தோடு ஒரே லைனில் போகக்கூடாது என்று வகுப்பு வேண்டும் எனக் கமிட்டியே கேட்டது. அந்த வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

இந்தச் செலவும் எழுதியாக வேண்டும். 9 பேர், ஒன்றரை மணி நேரம், மாதம் இரண்டு முறை: 27 மணி நேரம். 312க்குப் பக்கத்தில் வைத்தால் சின்னது. ஆனால் இந்த 27 மணி நேரத்துக்கு வார்டில் மாற்று ஆள் வேண்டும், இல்லாவிட்டால் "மீட்டிங் சிஸ்டர்" கதைதான்.

மேற்படிப்பு, அரவிந்த், பெரியாஸ்பத்திரி

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களை இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.க்கும், பி.எஸ்ஸி. முடித்தவர்களை இரண்டு வருஷ எம்.எஸ்ஸி.க்கும் அனுப்பலாம். நிர்வாகத்துக்கு இதில் ஒரு கவர்ச்சி உண்டு, சுவரில் மாட்டலாம். நர்ஸுக்கும் இது உண்மையான வளர்ச்சி. ஆனால் நான் பார்த்தவரை எம்.எஸ்ஸி. முடித்தவர் வார்டுக்குத் திரும்புவது அபூர்வம். நர்சிங் கல்லூரியில் நைட் டியூட்டி கிடையாது, ஞாயிறு லீவு. யாரைக் குறை சொல்வது?

"படிக்க வச்சா லண்டனுக்குப் பறந்துருவாங்க" என்று பயந்து ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் இடங்களும் இருக்கின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் என்னுடையதே பதினோரு மாதம் பீரோவுக்குள் கிடந்தது. அதனால் நான் கூடுதலாக ஒரு நாளும் அங்கே இருக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குக் கோச்சிங் போகிறவள் போகத்தான் போவாள். இருக்கிற வரை எப்படி இருக்கிறாள் என்பதுதான் நம் கையில் உள்ளது. மேற்படிப்பில் நான் விதிவிலக்காகப் பார்ப்பது தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இரண்டு வருஷமும் ஐ.சி.யூ.வில் நின்றுகொண்டே படிப்பது அது. எங்கள் அளவுள்ள மருத்துவமனைக்கு அது இன்னும் எட்டாது.

உள்ளே வளர்ப்பது பற்றிப் பேசினால் நம் ஊரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கு உதவி வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். படிப்பும் வேலையும் அங்கே ஒரே இடத்தில் நடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் எம்.டி. "நாமளும் பண்ணலாமே" என்றார். பண்ண முடியாது என்பதே என் எண்ணம். அங்கே ஒரே உறுப்பு, திரும்பத் திரும்ப ஒரே வகை வேலை. இங்கே ஒரே வார்டில் டெங்குவும் பக்கவாதமும் விஷம் குடித்தவரும். அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம், அச்சை எடுக்க முடியாது.

அரசு நடத்தும் பெரியாஸ்பத்திரியின் கதை வேறு. அங்கே பதவி பணிமூப்பில் வருகிறது, பெரும்பாலும் தலை நரைத்த பிறகு. கமிட்டியில் இளையவர்களைச் சேர்ப்பதால் வரும் பலன் எங்களைவிட அங்கே அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் எழுதினால் நல்லது.

எங்கே கமிட்டி வேண்டாம்

இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 30 சதவீதம் விடுப்பு ரிசர்வ். 5 பேருக்கு ஒருவர் என்று சட்டமே போட்ட கலிஃபோர்னியாவுக்குக் காகிதத்தில் நாம் சளைத்தவர்கள் இல்லை! இரவு வார்டுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். உங்களிடம் ஒரு நர்ஸுக்கு இருபது நோயாளி என்றால் கமிட்டியும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம், அந்தப் பணத்தில் ஆள் எடுங்கள். பற்றாக்குறையைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லி நர்ஸ்களையே கமிட்டி போட வைப்பது அநியாயம்.

அதேபோல, கமிட்டி எடுத்த முதல் முடிவையே மேலே இருப்பவர் ரத்து செய்வார் என்று தெரிந்தால் தொடங்காதீர்கள். வகுப்பு தோற்றால் ஒரு மணி நேரம் போகும். கமிட்டி தோற்றால் அடுத்த ஐந்து வருஷம் யாரும் கை தூக்க மாட்டார்கள். என் முதல் கமிட்டியின் நாற்றம் போகவே அவ்வளவு காலம் ஆயிற்று.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். முதல் பணம் கமிட்டியின் மாற்று ஆளுக்கு. ஹால் வகுப்பு மாதம் நான்கிலிருந்து இரண்டாகக் குறையும், ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே நடக்கும். ஆண்டுக்கு 24 மணி நேரம் அது, வெளியே ஒரு நாள் பயிலரங்கு 6 மணி நேரம், ஆக 30. எல்லாம் கவுன்சில் கணக்கில் ஏறும்படி. தலைப்பைக் கமிட்டி சொல்லும். ஹேண்டோவருக்குப் பிறகு கட்டில் பக்கத்திலேயே பத்து நிமிடப் பாடம், எடுப்பது அந்த வார்டு சீனியர். மேற்படிப்புக்கு இந்த வருஷம் யாரும் இல்லை. அடுத்த வருஷம் ஒருவர், அவரைத் தேர்ந்தெடுப்பது கமிட்டி, சான்றிதழ் அவரிடமே இருக்கும். ஏர் பெட்டுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டாம், பிரேடன் 12 அல்லது அதற்குக் கீழ் என்றால் டியூட்டி நர்ஸே ஸ்டோரில் எடுக்கலாம் என்பது ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டது.

எம்.டி. படித்துவிட்டுக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "மாதம் 27 மணி நேரம் நர்ஸ்கள் வார்டில் இருக்க மாட்டார்கள். அதைச் சம்பளப் பட்டியலில் என்னவென்று காட்டுவது?"

டியூட்டி என்று காட்டச் சொல்லியிருக்கிறேன்.